தண்ணீர் பார்த்துக்கொள்ளும்

1971-ஆம் வருஷம் பங்குனி மாதத்தில் ஒருநாள், இராமநாதபுரம் சீமையிலிருந்து கிடை போட்டுக்கொண்டே ஊர் ஊராக நகர்ந்து வந்த கீதாரி ஒருவர், ஒன்பது வயதுள்ள தம் மகனைத் தோளில் சுமந்தபடி, நான் அப்போது பயிற்சி பெற்றுவந்த தென்மாவட்டத்து அரசாங்க ஆஸ்பத்திரியின் வாசலில் வந்து நின்றார். மூன்று மாதமாகப் பையனுக்குத் தலைவலியும் வாந்தியும் இருந்தன என்றும், நாட்டு வைத்தியரும் கோடாங்கியும் பார்த்துக் கைவிட்டார்கள் என்றும், கடைசியாகக் கிடை போட்ட ஊரின் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பஸ்ஸுக்குப் பணம் கொடுத்து அனுப்பினார் என்றும் அவர் சொன்னார்.

"பயலுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருதுங்கய்யா. இடது காலு இழுக்குது. குட்டியைப் பிடிக்க ஓடினா விழுந்துர்றான்."

எங்கள் பெரிய டாக்டர் பையனைத் தம் மேஜைமேல் உட்கார வைத்து, கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். பிறகு நடுவிரலை மடக்கி அவன் வலப்பக்கத்துக் கபாலத்தில் மெல்லத் தட்டினார். கீறல் விட்ட பானையைத் தட்டினாற்போன்ற ஓசை கேட்டது. குழந்தைகளின் கபாலத்துக்குள் அழுத்தம் மிகுந்து எலும்புகளின் பொருத்துவாய்கள் விலகும்போது அப்படிப்பட்ட ஓசை எழும் என்று புத்தகத்தில் படித்திருந்தேனே தவிர, காதால் கேட்டது அன்றுதான். மேற்கொண்டு நோயைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்க, அவர் தந்தையின் பக்கம் திரும்பி, "கிடையிலே நாய் எத்தனை?" என்று வினவினார்.

"ரெண்டு இருக்குங்கய்யா. இவன் அதுகளோடதான் படுத்துக்கிடப்பான்."

"ஆடு அறுத்தால் ஈரல், நுரையீரல் கழிவை நாய்க்குப் போடுவதுண்டா?"

"நல்லது நமக்கு, கெட்டது அதுகளுக்குத்தானேய்யா."

பெரிய டாக்டர் தலையை அசைத்துக்கொண்டார். அந்த இரண்டு கேள்விகளில் நோய் பாதிக்குமேல் வெளிப்பட்டுவிட்டது என்பதை நான் அறிந்துகொள்ள மறுநாள்வரை ஆயிற்று. தலைக்குள்ளே இருப்பதைப் படம் பிடித்துக் காட்டும் ஸ்கேன் யந்திரம் உலகத்தில் எங்குமே நோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியிராத அந்தக் காலத்தில், கழுத்து நாடியில் நேரே ஊசி செலுத்தி, சாயத்தை ஏற்றி, அது மூளைக்குள் பாயும் சில விநாடிகளில் எக்ஸ்ரே தகடுகளைக் கையாலேயே ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் படம் எடுப்போம். பையனின் படத்தில் இரத்தக் குழாய்களெல்லாம் ஏதோ ஒரு பெரிய உருண்டையைச் சுற்றி வளைந்து, நூல் சுற்றிய பந்தைப்போலத் தென்பட்டன; உருண்டைக்குள் ஒரு குழாய்கூட இல்லை. ஹைடாடிட் என்னும் நாய்ப் புழுவின் நீர்க்கட்டி அது.

இந்தப் புழுவின் சரித்திரத்தை இங்கே சொல்லிவிடுவது நல்லது. அரை அங்குலத்துக்கும் குறைவான நீளமுள்ள சின்னஞ்சிறு நாடாப்புழு அது; நாயின் குடலில் வாசம் செய்வது. நாயின் மலத்தோடு வெளிப்படும் அதன் முட்டைகள் புல்லில் படிந்து ஆட்டின் வயிற்றுக்குள் போகின்றன. அங்கே குஞ்சு பொரித்து, ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகளாக வளர்கின்றன. அந்த ஈரலைத் தின்னும் நாயின் குடலில் மறுபடியும் புழுவாகின்றன. ஆட்டுக்கும் நாய்க்கும் இடையே முடிந்துபோக வேண்டிய இந்தச் சுழலில் மனிதனுக்கு யாதொரு இடமும் இல்லை. நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்த முட்டை, அதைக் கட்டிக்கொண்டு தூங்கும் குழந்தையின் கைவழியே வாய்க்குள் போய்விட்டால், ஆட்டுக்குள் நிகழ வேண்டியது குழந்தைக்குள் நிகழ்கிறது. பெரும்பாலும் ஈரலும் நுரையீரலுமே அதைத் தடுத்துத் தங்களிடம் வைத்துக்கொள்ளும்; நூற்றில் ஒன்று இரண்டு பேருக்குத்தான் இரத்தத்தோடு மேலேறி மூளையில் குடிகொள்ளும். அங்கே அது அவசரப்படாமல் வளர்கிறது. மூளையும் தாய்மை நிறைந்த ஓர் அவயவம்போல அதற்கு இடம் கொடுத்து ஒதுங்கிக்கொண்டே போகிறது. இனி ஒதுங்க இடமில்லை என்னும் நிலை வந்த பிறகே தலைவலி தொடங்குகிறது.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மாலை, எல்லோரும் போன பிறகு பெரிய டாக்டர் என்னை உட்கார வைத்துப் பேசினார். கட்டியின் சுவர் முட்டையின் உட்தோலைப்போல மெல்லியது. உள்ளிருக்கும் நீரில் ஆயிரக்கணக்கான புழுத்தலைகள் மணல்போல் மிதக்கின்றன. ஒரு துளி சிந்தினாலும் சிந்திய இடத்திலெல்லாம் புதுக் கட்டிகள் முளைக்கும் என்பதோடு, அந்த நீர் இரத்தத்தில் கலந்த மாத்திரத்தில் தேகம் அதை விஷமாகப் பாவித்து, நாடி விழுந்து, மேஜைமேலேயே உயிர் போய்விடுவதும் உண்டு. இடுக்கியால் பிடிக்க முடியாது; ஊசியால் நீரை உறிஞ்சலாகாது; விரலால் தோண்டி எடுக்கவும் கூடாது. "பின்னே எப்படி சார் எடுப்பது?" என்று கேட்டேன். "நாம் எடுக்கப் போவதில்லை, தம்பி. அது தானாக வரும்" என்றார்.

மறுநாள் எனக்கு இட்ட பணி, பச்சைத் துணிகளுக்குக் கீழே மேஜையின் தலைமாட்டில் முழங்காலிட்டு, மேஜையைச் சாய்க்கும் கைப்பிடியை அவர் சொல்லும்போது சொல்லும் அளவுக்குச் சுற்றுவது ஒன்றுதான். கபாலத்தின் வலப்பக்கத்தில், என் கண்ணுக்கு அநாவசியமாகப் பெரிதென்று தோன்றிய அளவுக்கு எலும்பை அறுத்துக் கதவுபோலத் திறந்தார். அதன்கீழ் மூளையின் உறையைக் கத்தரிக்கும்போது அவர் மூச்சுவிடும் ஓசைகூட எங்களுக்குக் கேட்கவில்லை. உறை விலகியதும், காகிதம்போல் மெலிந்துபோன மூளைத் தசையின் அடியில் வெண்மையாக ஒன்று தெரிந்தது. உப்பு நீரில் நனைத்த பஞ்சுகளைச் சுற்றிலும் அடுக்கினார். மெலிந்த தசையை நீளமாகக் கீறி, தந்தத்தின் நிறத்தில் பளபளத்த அந்தச் சுவருக்கும் மூளைக்கும் நடுவே மிருதுவான ரப்பர் குழாய் ஒன்றின் நுனியை நழுவவிட்டு, வெதுவெதுப்பான உப்புநீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தச் சொன்னார். உதவி செய்துகொண்டிருந்த மூத்த டாக்டர், கட்டி ஒரு பக்கம் புடைத்து எழுவதைக் கண்டு, தாங்கிப் பிடிக்கும் நோக்கத்தோடு கையை நீட்டினார்.

"கையை எடு. தண்ணீர் பார்த்துக்கொள்ளும்."

அதற்குப் பிறகு எனக்கு உத்தரவு வந்தது; அதுவரை நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் துணிக்குக் கீழே புகுந்து முழங்காலிட்டேன். நான் கைப்பிடியைச் சுற்றினேன்; பையனின் தலை தாழ்ந்தது. இன்னும் கொஞ்சம் என்றார்; சுற்றினேன். மேலே எல்லோருடைய கைகளும் அசைவற்று நிற்க, நீர் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. துணிக்குக் கீழே இருந்த என் கண்ணில், தலைக்கு அடியில் ஸிஸ்டர் ஏந்திப் பிடித்திருந்த, உப்புநீர் நிரம்பிய பெரிய எஃகுக் கிண்ணம் மாத்திரம் தெரிந்தது. எவ்வளவு நேரம் சென்றதென்று இப்போது சொல்லத் தெரியவில்லை. திடீரென்று, சத்தமே இல்லாமல், பெரிய சாத்துக்குடியைக் காட்டிலும் பெரிதான ஒரு வெள்ளை உருண்டை கிண்ணத்துக்குள் இறங்கி, ஒருமுறை சுழன்று, நின்றது. அதன்மேல் ஒரு கீறலும் இல்லை. பேறுகாலப் பிரிவில் எத்தனையோ ஜனனங்களைப் பார்த்திருந்த அந்த மலையாளத்து ஸிஸ்டர், தன்னையறியாமல் "பிறந்தாச்சு" என்றாள்.

வெற்றிடமாகிவிட்ட குழியை உப்புநீரால் நிரப்பி, உறையைத் தைத்து மூடினார்கள். பத்தாம் நாள் பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். தந்தை, தம் நாய்களைக் கொன்றுவிட வேண்டுமா என்று என்னிடம் தனியே கேட்டார். கேட்கும்போதே அவர் குரல் கம்மியது. கொல்ல வேண்டாம், அறுத்த ஆட்டின் கழிவை இனிமேல் குழி தோண்டிப் புதையுங்கள், பையன் சாப்பிடுவதற்குமுன் கையைக் கழுவட்டும் என்று நான் சொன்னதைக் கேட்டு, வேண்டிக்கொண்ட வரம் கிடைத்தவர்போல என் கைகளைப் பற்றிக்கொண்டார்.

நீரைக்கொண்டு கட்டியைப் பிறப்பிக்கும் இந்த முறை எங்கள் பெரிய டாக்டர் கண்டுபிடித்ததன்று. ஆடுகளும் அவற்றைக் காக்கும் நாய்களும் மனிதரைவிட மிகுந்திருந்த தென் அமெரிக்கப் புல்வெளி நாடுகளில், மேய்ப்பர்களின் பிள்ளைகள் இதே வியாதியோடு கூட்டம் கூட்டமாக வந்தபோது, அர்ஜென்டினாவைச் சேர்ந்த டௌலிங் என்பவர் 1929-ல் இதை விவரித்து எழுதினார். அவர் நாட்டவரான ஒர்லாண்டோ பிற்பாடு அதைச் செம்மைப்படுத்தினார். உருகுவே தேசத்தில் அரானா இனிகெஸும் அவர் சகாவும் தங்கள் அனுபவத்தை 1955-ல் வெளியிட்டார்கள். நம் கீதாரி மகனின் உயிரை, பூமியின் மறுபக்கத்தில் வேறொரு மேய்ப்பனின் மகனை முன்னிட்டு யாரோ யோசித்த யோசனை காப்பாற்றியது என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. கட்டியை எங்கள் பெரிய டாக்டர் ஃபார்மலின் ஜாடியில் இட்டுக் கல்லூரிக் காட்சிசாலைக்கு அனுப்பினார். ஜாடிக்குரிய சீட்டை எழுதியவன் நான்.

இத்தனையும் கண்ணால் கண்டு, கையால் சுற்றி, சீட்டும் எழுதியவன், ஐந்து வருஷம் கழித்து ஒரு குற்றம் செய்தேன். அதை மறைத்து இந்தக் கட்டுரையை எழுதுவதில் அர்த்தமில்லை.

அப்போது நான் வேறோர் ஊரில் தனிப்பொறுப்பில் இருந்தேன். பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தை. தகப்பனார் பஞ்சாலைத் தொழிலாளி. டவுனில், நெருக்கமான தெருவில் வீடு. வலிப்போடு அழைத்து வந்தார்கள். நாடிப் படத்தில் இரத்தக் குழாய்கள் ஒதுங்கியிருந்தன. சீழ்க்கட்டியாக இருக்கலாம், சாதாரண நீர்க்கட்டியாகவும் இருக்கலாம் என்று எண்ணினேன். சீழ்க்கட்டியானால் கபாலத்தில் ஒரு சிறு துளையிட்டு, மழுங்கிய ஊசி செலுத்தி உறிஞ்சிவிடுவதே அக்காலத்து வழக்கம். செலுத்தினேன். ஊசியின் வழியே, பாறையிடுக்கில் ஊறும் சுனைநீரைப்போல, இவ்வளவு தெளிவான நீரை மனித தேகத்தில் கண்டதில்லை என்று சொல்லும்படியான நீர் பீறிட்டு வந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், நான் மகிழ்ந்தேன். சீழில்லை, புற்றில்லை, வெறும் தண்ணீர் என்று வாய்விட்டும் சொன்னேன். அந்தத் தெளிவே அந்தக் கட்டியின் அடையாளம் என்பது நினைவுக்கு வருவதற்குள், மயக்க மருந்து டாக்டர் நாடி கிடைக்கவில்லை என்று கூவினார்.

அன்று அவள் பிழைத்தாள். அட்ரினலினும் அந்த டாக்டரின் சாமர்த்தியமும் பிழைக்க வைத்தன. இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது, சிந்திய துளிகள் ஒவ்வொன்றும் ஒரு கட்டியாகத் திரட்சி பெற்றிருந்தது. அதைக் கரைக்கும் நம்பத்தக்க மருந்து எங்கள் கையில் அந்நாளில் கிடையாது. இரண்டாம் ஆபரேஷனுக்குப் பின் அவள் கண் விழிக்கவில்லை. அவளுடைய தாயார் பேச்சுவாக்கில், குழந்தை வருஷாவருஷம் கோடை விடுமுறை முழுவதும் பாட்டி ஊரில் ஆட்டுப்பட்டியில்தான் இருப்பாள் என்று சொன்னது, அந்தக் கடைசி நாட்களில்தான். நாய் எத்தனை என்று நான் கேட்கவில்லை. பஞ்சாலைத் தொழிலாளியின் மகளிடம் அதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, எந்த வீட்டிலிருந்து வந்தவரானாலும், கலெக்டரின் குழந்தையே ஆனாலும், நான் கேட்ட முதற்கேள்வி அதுவாகவே இருந்தது.

நாய்ப் புழு அபூர்வம். எங்கள் ஆஸ்பத்திரி நடைபாதைகளில் நாள்தோறும் காத்துக்கிடந்தது பன்றி நாடாப்புழுவின் உபத்திரவம். ஆனால் வெகுகாலம் அது எங்கள் கண்ணெதிரே இருந்தும் எங்களுக்குத் தெரியவில்லை. இந்தியாவில் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் சில வருஷங்கள் கழித்து வலிப்பு நோய்க்கு ஆளானதை அவர்கள் நாட்டு ராணுவ மருத்துவர்கள் 1930-களிலேயே கவனித்து, தொடைத் தசையை எக்ஸ்ரே எடுத்து, சுருட்டைப்போல நீண்டு சுண்ணாம்பேறிய புழுக்கூடுகளைக் கண்டுபிடித்தார்கள். டிக்ஸன், லிப்ஸ்கோம்ப் என்னும் இருவர் 450 பேருடைய விவரங்களைத் திரட்டி 1961-ல் ஓர் அறிக்கையே வெளியிட்டார்கள். அந்தச் சிப்பாய்களுக்கு நோய் வந்த பூமியிலேயே பிறந்து வளர்ந்த ஜனங்களைப் பார்க்கும்போது நாங்கள் அதை நினைக்கவில்லை. எங்கள் நினைவெல்லாம் க்ஷயரோகத்தின்மேல் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது: நாங்கள் திறந்த தலைகளில் க்ஷயக் கட்டி அத்தனை சாதாரணம்.

1980-களில் ஸ்கேன் யந்திரங்கள் வந்தபோது, ஒரே ஒரு முறை வலிப்பு வந்து, மற்றபடி பூரண சுகத்தோடு இருக்கும் இளைஞர்களின் மூளையில், பட்டாணியளவு சிறு வளையம் ஒன்று வெள்ளையாகத் தெரிவதை வாரத்துக்கு இருவர் மூவரிடம் கண்டோம். க்ஷயம் என்று தீர்மானித்து, மாதக்கணக்கில் கடுமையான மருந்துகளைக் கொடுத்தோம். சிலருக்குத் தலையைத் திறந்து அதை எடுத்தும் பார்த்தோம். நோய்க்கூற்றுப் பரிசோதனைக்கூடத்திலிருந்து, இன்ன காரணமென்று நிச்சயிக்க முடியாத அழற்சிக் கட்டி என்று பதில் வரும். நிச்சயிக்க முடியாததை நாங்கள் க்ஷயமென்றே வாசித்துக்கொண்டோம்.

1986-ல், திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழாசிரியர் ஒருவருடைய மகள், பதினாறு வயதுப் பெண், அப்படிப்பட்ட வளையத்தோடு வந்தாள். மருந்து ஏதும் தொடங்குமுன் எடுத்துப் பார்த்துவிடுவதென்று நான் தீர்மானித்தேன். தந்தைக்குப் பணம் திரட்டவும், பெண்ணுக்குப் பரீட்சை முடியவும் இரண்டரை மாதம் சென்றது. குறித்த நாளில், முழங்கால்வரை புரண்ட அவளுடைய கூந்தலை நாவிதர் மழித்துவிட்டார். வளையம் இருக்கும் இடத்தை அளந்து குறிப்பதற்குப் பழைய படம் போதாதென்று, அன்று காலை புதிதாக ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தேன். அதற்கும் அந்த மனிதர் சங்கிலி ஒன்றை அடகு வைக்க வேண்டியிருந்தது. படம் ஈரம்கூடக் காயாமல் தியேட்டருக்கு வந்தது. விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்தேன். திருப்பி மாட்டினேன். பெயரைச் சரிபார்த்தேன். வளையம் இல்லை. இருந்த இடத்தில் ஒரு தடம்கூட இல்லை.

மேஜைக்குப் போகாமலே அவளை வார்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, நான் நேரில் போய்ச் சொன்னபோது, அந்தப் பெண் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு விசித்து அழுதாள். பாட்டியார் ஒரு மஞ்சள் பையில் மழித்த கூந்தலைச் சுருட்டி வைத்திருந்தார். "அழாதட்டி. திருச்செந்தூர் முருகனுக்கு நேந்துக்கிட்டதாப் போவட்டும்" என்று பேத்தியைத் தேற்றிவிட்டு, என்னைப் பார்த்து, "டாக்டரய்யா, நீங்க ஒண்ணும் மனசு கஷ்டப்படாதிய" என்றார். என் முகத்தில் அவர் எதைக் கண்டாரோ தெரியாது. நான் அப்போது எண்ணிக்கொண்டிருந்தது, புதிய ஸ்கேன் எடுக்காமலே நான் திறந்த தலைகளை.

மறைந்த வளையத்தின் மர்மத்தை அவிழ்த்தவர்கள் வேலூர்க்காரர்கள். மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்த ஜேக்கப் சாண்டி, 1949-ல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தேசத்திலேயே முதலாவதான நரம்பு சஸ்திரசிகிச்சைத் துறையைத் தொடங்கினார்; மறு வருஷம் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் தொடங்கினார். எங்கள் தலைமுறை முழுவதும் இவ்விருவரின் நிழலில் வளர்ந்தது. அந்த வேலூர்த் துறையைச் சேர்ந்த மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர், தலையில் சட்டமொன்றைப் பொருத்தி, கணக்கிட்ட பாதையில் மூளைக்குள் சென்று அணுவளவும் பிசகாமல் இலக்கை அடையும் முறையால் இந்தச் சிறு வளையங்களை முழுசாக எடுத்து, நுண்ணிய துண்டுகளாக்கிப் பார்த்தார்கள். அவற்றுள் கண்டது க்ஷயமல்ல. இறந்துகொண்டிருக்கும் சிஸ்டிசெர்க்கஸ், அதாவது பன்றி நாடாப்புழுவின் குட்டி. 1989-ல் லான்செட் பத்திரிகையில் அதை வெளியிட்டார்கள். புழு தானாகவே செத்துக்கொண்டிருக்கிறது. அது சாகும்போது எழும் அழற்சியே வலிப்பாகவும் வளையமாகவும் தோன்றுகிறது. வலிப்பை அடக்கும் மாத்திரையைக் கொடுத்துக்கொண்டு காத்திருந்தால் பெரும்பாலோருக்கு வளையம் மறைந்துவிடும். வளையம் 20 மில்லிமீட்டருக்கு உட்பட்டு, ஒன்றே ஒன்றாக இருந்து, தலைக்குள் அழுத்தமும் நாளுக்கு நாள் கூடும் பலவீனமும் இல்லையானால் கத்தி வேண்டாம், க்ஷய மருந்தும் வேண்டாம் என்று பின்னர் அவர்கள் இலக்கணமே வகுத்தார்கள். கத்தியைச் செம்மையாகப் பிடிக்கத் தெரிந்தவர்கள், அந்தத் திறமையைக்கொண்டே, கத்தி வேண்டாம் என்று நிரூபித்தது எங்கள் துறையில் நான் கண்ட மேன்மையான காரியங்களுள் ஒன்று.

அந்தக் கட்டுரையைப் படித்ததும் தமிழாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அடுத்த வாரமே அவர் நேரில் வந்துவிட்டார். நல்ல சைவக் குடும்பம். முட்டைகூட அறியாத வீடு. கோபத்தை அடக்கிக்கொண்டு, இலக்கண சுத்தமாகக் கேட்டார்: "பன்றியின் புழு எங்கள் வீட்டு வாசலை எவ்வாறு மிதித்தது, டாக்டர்?"

இதைத்தான் ஜனங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் இன்றும் ஆசைப்படுகிறேன். சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்றவர் குடலில் வருவது நீண்ட நாடாப்புழு. 1855-ல் ஜெர்மனியில் கூஹன்மைஸ்டர் என்பவர், மரணதண்டனை பெற்ற ஒரு கைதிக்கு அவன் அறியாமலே புழுக்குட்டிகளை ஊட்டி, தண்டனை நிறைவேறிய பின் வயிற்றைத் திறந்து அதை நிரூபித்தார். அந்த நிரூபணத்தின் குரூரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் மூளைக்குப் போவது இறைச்சியால் அன்று. குடலில் புழுவோடு இருப்பவரின் மலத்தில் வெளியேறும் முட்டைகளே மூளைப் புழுவுக்கு வித்து. அவை வயலிலும் கீரையிலும் படியும். கழுவாத கையால் சமைத்த சோற்றில் கலக்கும். பன்றியைக் கண்ணால் பாராதவரும் அந்தக் கீரையை உண்ணலாம். நியூயார்க் நகரில் புரூக்ளின் பகுதியில், பன்றி மாமிசத்தை மத ஆசாரப்படி விலக்கிய யூதக் குடும்பங்களில் நால்வருக்கு இதே வியாதி கண்டதையும், வேறு தேசத்திலிருந்து வந்து அவ்வீடுகளில் சமைத்த பணிப்பெண்களிடமிருந்து அது பரவியிருந்ததையும் 1992-ல் அந்நாட்டு மருத்துவர்கள் எழுதினார்கள். தமிழாசிரியர் என்னிடம் வந்தபோது அந்தச் சான்று எனக்குக் கிடைத்திருக்கவில்லை. கிடைத்திருந்தால் அவர் மனம் இன்னும் விரைவில் ஆறியிருக்கும். நான் சொன்னதையெல்லாம் கேட்டு வெகுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, "கீரையை எத்தனை தண்ணீரில் அலச வேண்டும்? சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

கத்திக்கு இனி வேலையே இல்லை என்று இதனால் சொல்லிவிட முடியாது. பிராஸிக்வான்டெல் 1979-லும் அல்பெண்டசோல் 1987-லும் இந்த நோய்க்குப் பயன்படத் தொடங்கி எத்தனையோ தலைகளைத் திறக்காமல் காத்தன. ஆனால் புழு மூளையின் தசையில் இல்லாமல், மூளைநீர் ஓடும் அறைகளுக்குள் புகுந்துகொண்டால் கதை வேறு. 1993-ல் ஒரு விவசாயக் கூலிப் பெண் வந்தாள். நடவு நடக் குனிந்து நிமிர்ந்தால் தலை கிறுகிறுத்து, வாந்தியெடுத்து, சேற்றிலேயே விழுவாள். சிறிது நேரத்தில் ஒன்றுமே நடவாததுபோல எழுந்து நிற்பாள். பேய் என்று ஊர் சொல்லியது. வேலைக்குச் சோம்பல் என்று மாமியார் சொன்னாள். அவளோ, யாரும் சொல்லிக்கொடுக்காமல், கழுத்தை இடப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டால் அந்தப் பேய் வராது என்று கண்டுபிடித்து, இரவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தபடியே ஒரு வருஷமாகத் தூங்கியிருந்தாள். நான்காம் அறை என்னும் மிகச் சிறிய இடத்தில் நீர்க்குமிழி ஒன்று மிதந்துகொண்டு, தலை அசையும்போதெல்லாம் மூளைநீரின் வாயை மூடித் திறப்பதால் வருவது அது. புரூன்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய காலத்திலேயே இதை விவரித்திருக்கிறார்.

அவளைக் குப்புறப் படுக்கவைத்து, பிடரியின் எலும்பை விலக்கி, சிறுமூளையின் இரண்டு நுனிகளை மெல்லப் பிரித்தேன். நடுவில், தோலுரித்த திராட்சையைப்போல ஒளி ஊடுருவும் ஒரு குமிழி. அதற்குள் அரிசிக் குறுணையளவு வெள்ளைப் புள்ளி, அதுவே புழுவின் தலை. என் உதவியாளன் இடுக்கியை நீட்டினான். நான் வேண்டாமென்றேன். மயக்க மருந்து டாக்டரிடம், நெஞ்சில் காற்றைச் சற்று அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். மூளைநீர் பின்னாலிருந்து தள்ளிற்று. குமிழி தயங்கித் தயங்கி வாசல்வரை வந்து, நீரோடு வழுக்கிப் பஞ்சின்மேல் விழுந்தது.

அவளை வீட்டுக்கு அனுப்புமுன், குடும்பத்தார் எல்லோருடைய மலத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினேன். அதற்குள் எனக்கு அவ்வளவு புத்தி வந்திருந்தது. மாமியாரிடம் நாடாப்புழு இருந்தது. ஒரே வேளை மாத்திரையில் அது போயிற்று. ஆறு மணி நேரம் பிடரியைத் திறந்து நின்ற என் ஆபரேஷனையும், சில ரூபாய் விலையுள்ள அந்த ஒரு வேளை மாத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் அன்றிரவு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். மருமகளுக்கு நோய் தம் கையிலிருந்து வந்தது என்பதை அந்த அம்மாளிடம் சொல்வதா என்று தெரியாமல் தவித்து, கடைசியில் சொல்லவில்லை. கையைச் சோப்பினால் கழுவுங்கள் என்று மட்டும் சொன்னேன். சொல்லாதது சரிதானா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

ஓய்வு பெற்றுப் பல வருஷங்கள் ஆனபின், பழைய கல்லூரியின் காட்சிசாலைக்குப் போயிருந்தேன். அந்த ஜாடி இருந்தது. தந்தநிறம் மங்கிப் பழுப்பேறிவிட்டது; உருண்டை ஒரு பக்கம் லேசாக அமுங்கியிருந்தது; உடையவில்லை. என் கையெழுத்துச் சீட்டில் வருஷம் மாத்திரம் வாசிக்க முடிந்தது. மாணவர் நான்கைந்து பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் மெலிந்த ஒரு பெண், ஜாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு மெல்லிசா இருக்கே, சார். உடையாம எப்படி எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு பெரிய கிண்ணமும் ஒரு குடம் தண்ணீரும் கொண்டுவரச் சொன்னேன்.